முப்புரி – 9: நூறு பாகக் கயிறு

சென்ற வாரம் காலிக் கோட்டையில் நின்றோம். ஒல்லாந்தர் கயிறு திரித்த தெருவுக்கு அங்கே இன்றும் லெயின் பான் வீதி என்றுதான் பெயர். 1795 செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணக் கோட்டையும், அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின. கொடி மாறியது. கொடியை ஏற்றும் கயிறும் மாறியது.

புதிய எசமானர்களின் போர்க்கப்பல்களுக்குக் கயிறு திரித்தவை இங்கிலாந்தின் நான்கு கடற்படைக் கயிற்றாலைகள்: சாட்டம், போட்ஸ்மத், பிளிமத், வூலிச். அவற்றுள் இன்றும் கயிறு திரிபடும் இடம் சாட்டம் ஒன்றுதான். இந்த வாரம் அங்கே போகிறோம்.

கோப்பாய்த் தோட்டக் கிணற்றடியில் தொடங்கிய தொடர் இங்கிலாந்துக்கு ஏன் போகவேண்டும்? முதல் பகுதியில் போட்ட கேள்வி இன்னும் அப்படியே கிடப்பதால்தான். கயிறில்லாமல் ஒரு பொழுதும் நகராத குடாநாடு இது. தென்னை உண்டு, பனை உண்டு, கப்பல் உண்டு, கப்பல் கட்டும் கையும் உண்டு. அப்படியிருந்தும் ஒரு பெரிய கயிற்றாலை இங்கே ஏன் எழவில்லை?

* * *

நாலு பாகம்

நீர்ப்பம்பி வருமுன் கோப்பாயின் செம்மண் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது துலா. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் மிதிப்பார். கிணற்றடியில் ஒருவர் பனையோலைப் பட்டையை வாங்கிக் கவிழ்ப்பார். வாய்க்காலில் இன்னொருவர் மண்வெட்டியோடு நிற்பார். விடியுமுன் தொடங்கும் வேலை. பட்டை ஏறி இறங்குவதெல்லாம் ஒரு கயிற்றை நம்பித்தான்.

அந்தக் கயிற்றைப் பாகத்தால் அளந்தார்கள். இரு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். கிணற்று ஆழமும் பாகம், வலை இறக்கும் கடலின் ஆழமும் பாகம்.

நாலு பாகம், ஐந்து பாகம் ஆழமுள்ள கிணற்றுக்குக் கயிறு திரிக்க ஒரு முற்றம் போதும். தும்பை உள்ளங்கையில் உருட்டி இழையாக்கி, இழைகளைச் சேர்த்துப் புரியாக்கி, மூன்று புரியை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. முற்றத்துத் தென்னைதான் கொக்கி. மாட்டுக்கு வேண்டிய கயிறு இன்னும் குட்டை. பனை ஏறுபவரின் தளநார் அதைவிடக் குட்டை. வேலி கட்டவோ பச்சைப் பனை நாரே போதும்.

எங்கள் பக்கத்தில் நீளக் கயிறு கேட்ட கிணறு என்று ஒன்றைத்தான் சொல்லலாம். அது புத்தூரடியில் உள்ள நிலாவரை. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் அதைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். அங்கே கயிறு தேவைப்பட்டது தண்ணீர் அள்ள அல்ல, ஆழம் பார்க்க. துரைமாருக்கு அதில் ஒரு தனி ஆசை.

ஆங்கிலக் கடற்படையும் கயிற்றை விரித்த கையால்தான் அளந்தது. அவர்கள் கணக்கிலும் ஒரு பாகம் ஆறடி. ஆனால் அவர்களுடைய பெரிய கப்பலின் நங்கூர வடத்துக்கு வைத்த நீளம் 101 பாகம்.

அறுநூறு அடிக்கு மேல், நடுவில் ஒரு முடிச்சுக்கூட இல்லாமல். இதை எந்த முற்றத்தில் திரிப்பது?

* * *

1,135 அடி

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் கிரெனிச்சுக்குக் கூட்டிப்போவார்கள். மெட்வே ஆற்றங்கரையில் இருக்கும் சாட்டத்துக்குக் கூட்டிப்போவோர் குறைவு. ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

1618இலிருந்து அங்கே கயிறு திரிக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1791 அளவில் முடிந்தது. செங்கல்லால் ஆன நெடிய கட்டடம், சுமார் 1,135 அடி நீளம். வாசலில் நின்று பார்த்தால் மறுமுனை ஒரு புள்ளி. இரு பக்கமும் சன்னல்கள், நடுவே தண்டவாளம். அதன்மேல் இழுபட்டுக் கிடக்கும் புரிகள் தூரத்தில் ஒன்றாகி மறைந்துவிடுகின்றன. தார் வாசனை கட்டடத்தை விட்டு இன்னும் போகவில்லை.

இந்த நீளம் ஆடம்பரத்துக்குக் கட்டியதல்ல. முறுக்கு ஏற ஏற நார் சுருங்கும். இழையாக இருக்கும்போது உள்ள நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கயிறாகி வடமாகும்போது முறுக்குக்குள் போய்விடும். 101 பாக வடம் கைக்கு வரவேண்டுமானால் 150 பாக இழை நீட்டவேண்டும். அதுவே 900 அடி. இரு முனையிலும் பொறி நிற்க இடம் வேண்டும், ஆள் நிற்க இடம் வேண்டும். சுவரின் நீளத்தைத் தச்சன் தீர்மானிக்கவில்லை, நங்கூரம் தீர்மானித்தது.

மேல்மாடியில் இழை நூற்றார்கள். நாரைச் சீப்பு முள்ளில் இழுத்து வாரி, நீளமான கட்டாக இடுப்பைச் சுற்றிச் சுற்றிக்கொள்வார் நூற்பவர். ஒரு நுனியைச் சுழலும் கொக்கியில் மாட்டிவிட்டு, இடுப்பிலிருந்து நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார். முகம் கொக்கியைப் பார்த்தபடி இருக்க, கால் மட்டும் பின்னால் போகும். தென்னந்தும்பு நூற்கும் பெண்கள் ராட்டிலிருந்து பின்னோக்கி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மடியில் தும்பு, கண் ராட்டில், கால் பின்னால். வேலை அதே வேலைதான். நடக்கும் தூரம்தான் வேறு. சாட்டத்திலும் 1860களில் நூற்புப் பொறிகள் வந்தபோது பெண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள்.

கீழ்த்தளத்தில் புரியும் கயிறும். இன்று பார்க்க வருபவர்களுக்குக் காட்டுவது இந்தத் தளத்தைத்தான். கைச்சக்கரத்தைச் சுழற்றி ஒரு முழக் கயிறு திரித்துப் பார்க்கப் பிள்ளைகளையும் விடுகிறார்கள்.

மூன்று புரிகள் ஒரு முனையில் மூன்று கொக்கிகளில் தனித்தனியாக மாட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் மூன்றும் ஒரே கொக்கியில். இரண்டுக்கும் நடுவே ஒரு மரக்கூம்பு. அதன் பக்கத்தில் மூன்று காடி வெட்டியிருக்கும், புரிக்கு ஒரு காடி. கொக்கிகள் சுழலத் தொடங்கியதும் புரிகள் விறைத்து மெல்ல முனகுகின்றன. பிறகு கூம்பு தானாகவே நகரத் தொடங்குகிறது. யாரும் அதைத் தள்ளுவதில்லை. கூம்புக்குப் பின்னால் புரிகள் ஒன்றையொன்று கவ்விக் கயிறாக இறுகும் விசையே அதை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. கூம்பு கடந்த இடமெல்லாம் கயிறு, கடக்காத இடமெல்லாம் புரி.

கோப்பாய் முற்றத்தில் இந்தக் கூம்பின் வேலையை மூன்று விரல்கள் செய்யும். புரிகள் சேரும் இடத்தில் விரல்களை விட்டுப் பிரித்துப் பிடித்தபடி ஒருவர் பின்வாங்குவார். விரல் செய்ததைச் சாட்டத்தில் ஆளளவு மரம் செய்தது.

கயிறு அவிழாமல் இருப்பது ஏன்? இழையை ஒரு பக்கம் முறுக்குகிறார்கள், புரியை எதிர்ப்பக்கம், கயிற்றை மறுபடி முதல் பக்கம். இழை அவிழப் பார்த்தால் புரி இறுகும், புரி அவிழப் பார்த்தால் கயிறு இறுகும். ஒன்றின் கோபத்தை இன்னொன்று பிடித்து வைத்திருக்கிறது. அப்படித் திரித்த மூன்று கயிறுகளை மீண்டும் சேர்த்து முறுக்கினால் ஒன்பது புரி வடம்.

இதில் ஒரு நோய் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கீழைக் கடலில் ஓடிய மனிதர். கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் தலைவர் ஜோசப் ஹடார்ட், வடங்களில் வெளிச்சுற்று இழைகளே முதலில் அறுவதைக் கவனித்தார். எல்லா இழையையும் ஒரே நீளத்தில் வைத்து முறுக்கினால், வெளியே இருப்பது கூடுதல் தூரம் சுற்றவேண்டும். அதுவே விறைத்து நின்று பாரம் முழுவதையும் சுமக்கும். உள்ளே இருப்பது தொய்ந்து சும்மா கிடக்கும். சல்லடைபோலத் துளையிட்ட தகட்டின் வழியே ஒவ்வோர் இழையையும் தன் தன் நீளத்துக்கு விட்டால் பாரம் எல்லா இழைக்கும் பகிரும். 1793இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சாட்டத்தில் 1811இல் வைத்த இரும்புப் பொறி ஒன்று இன்னும் ஓடுகிறது. அதற்கு முன்னும், நீராவி வரும்வரை பின்னும், ஆள் பலம்தான். 20 அங்குலச் சுற்றளவுள்ள வடம் ஒன்றை முறுக்கி முடிக்க 200 பேருக்கு மேல் வேண்டியிருந்தது. ட்ரஃபால்கரில் நெல்சன் நின்ற விக்டரி கப்பல் இதே சாட்டத்தில் கட்டியது. அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் 25 மைலுக்கு மேல் கயிறு.

களவும் இருந்தது. கயிறு நல்ல விலை போகும் பொருள். அதனால் அரச கயிற்றின் உள்ளே அடையாள இழை ஒன்றைச் சேர்த்து முறுக்கினார்கள். சாட்டத்தின் அடையாளம் மஞ்சள் இழை. கயிற்றை வெட்டினால் யாருடைய சொத்து என்று தெரிந்துவிடும். எங்களூரில் மாட்டுக்குக் குறி சுட்டார்கள், அவர்கள் கயிற்றுக்கே குறி வைத்தார்கள்.

இவ்வளவும் சரி. நார் எங்கிருந்து வந்தது?

* * *

ஆற்று நடுவில் ஒரு தெப்பம்

ஐரோப்பியக் கப்பல் கயிறு கஞ்சாச் செடியின் நார். புகைக்கும் கூட்டம் நாக்கை நீட்டவேண்டாம், இது தண்டுக்காக வளர்க்கும் இனம். நீரில் ஊறப்போட்டு, அடித்து, சீவினால் நீண்ட மெல்லிய நார் வரும். தாரையும் நன்றாகக் குடிக்கும்.

அந்த நாரில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. ரீகா, சென் பீற்றர்ஸ்பேர்க் துறைமுகங்களில் ஏறி, பால்ற்றிக் கடல் வழியாக இங்கிலாந்துக்கு. உலகின் மிகப் பெரிய கடற்படை, இன்னொரு சக்கரவர்த்தியின் வயலை நம்பி மிதந்தது.

1807 யூன் 25. நேமன் ஆற்றின் நடுவே ஒரு தெப்பம். அதில் நெப்போலியனும் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாந்தரும் சந்தித்தார்கள். யூலை 7இல் தில்சிற் உடன்படிக்கை. இங்கிலாந்தோடு வணிகம் இல்லை என்ற நெப்போலியனின் வேலிக்குள் ரஷ்யாவும் வந்தது.

லண்டனில் நாரின் விலை ஏறியது. அமெரிக்கக் கொடியின் கீழும் திருட்டு வழியாகவும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது என்பது உண்மைதான். ஆனால் கப்பற்படை திருட்டு வழியை நம்பிப் போர் நடத்த முடியாது. கயிறு தேயும், அழுகும், மாற்றியாகவேண்டும். துப்பாக்கி ஒரு குண்டும் சுடாமலே கப்பலைக் கரையில் நிறுத்திவிடலாம்.

கிழக்குப் பக்கம் திரும்பினார்கள். அங்கே நார் மலிந்து கிடந்தது. அதைத் தேடி ஒருவர் ஏற்கெனவே வேலை தொடங்கியிருந்தார்.

* * *

எருக்கு

வில்லியம் ரொக்ஸ்பரோ, கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளர். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் இருந்தவர். தில்சிற்றுக்கு முன்பிருந்தே இந்தியச் செடிகளின் நாரைக் கயிறாகத் திரித்து, பாரம் தொங்கவிட்டு, தேங்கிய நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி பாரம் தொங்கவிட்டுப் பார்த்தார். சணப்பு, மருள், தென்னந்தும்பு என ஒன்றையும் விடவில்லை.

கம்பனி வங்காளத்துச் சணப்பை வாங்கிக் கப்பலேற்றியது. நம் வயலில் பசளைக்கு விதைக்கிறோமே, அதே சணல்தான். நாரில் பழுதில்லை. பதப்படுத்தியதில்தான் பழுது. ஊறவைப்பதும் சீவுவதும் ரஷ்யக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. வங்காளத்தில் ஒரு கட்டு போல மறு கட்டு இருக்கவில்லை. கயிற்றாலைக்கு வேண்டியது நல்ல நார் மட்டும் அல்ல, மாறாத நார். 1812க்குப் பின் ரஷ்ய வழி திறந்ததும் சணப்பின் மவுசு இறங்கிவிட்டது.

கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ரஷ்யாவோடு இன்னொரு போர் வந்தது. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1855இல் ஜோன் ஃபோர்ப்ஸ் ரோயல் என்பவர் இந்திய நார்ச் செடிகளைப் பற்றி ஒரு தடித்த நூலை வெளியிட்டார். அதில் ஒரு சிறு பட்டியல் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் நெடுநாள் பணிபுரிந்த தாவரவியலாளர் ரொபட் வைட், ஏழு நார்களின் வலிமையைச் சோதித்த கணக்கு அது.

தென்னந்தும்புக் கயிறு 224 இறாத்தலில் அறுந்தது. மருள் 316. பருத்தி 346. சணப்பு 407. எல்லாவற்றுக்கும் மேலே 552 இறாத்தல் தாங்கி நின்றது எருக்கு!

வேலியோரத்தில் யாரும் நடாமல் வளரும் எருக்கு. பிள்ளையாருக்கு மாலை கட்டவே நாம் தேடிப்போகும் எருக்கு. சாட்டத்தின் 1,135 அடித் தளத்தில் எருக்கம் வடம் ஓடியிருக்க வேண்டியதுதானே?

ஓடவில்லை. எருக்கந் தண்டை மற்றச் செடிகள்போல நீரில் ஊறவைத்து நாரெடுக்க முடியாது. காயவைத்து, குச்சி குச்சியாகக் கையால் உரிக்கவேண்டும். ஒரு தூண்டில் நூலுக்கு இது சரி. 900 அடி இழை நூற்றுக்கணக்கில் வேண்டும் வடத்துக்கு, எத்தனை ஊர் கூடி உட்கார்ந்து உரிப்பது?

தென்னந்தும்பின் பலம் வேறு இடத்தில் இருந்தது. அது இழுபட்டுக் கொடுக்கும், உப்பு நீருக்கு அஞ்சாது, மிதக்கும். பதினான்காம் நூற்றாண்டில் மாலைதீவில் இருந்த இப்னு பத்தூத்தா, தென்னந்தும்புக் கயிறு சீனா வரைக்கும் யேமன் வரைக்கும் போனதை எழுதிவைத்திருக்கிறார். 1344இல் அதே மனிதர் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தியின் கப்பல்களில் எந்தக் கயிறு இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

வைட்டின் ஏழு பெயரில் பனை இல்லை. குடாநாட்டில் எங்கு திரும்பினாலும் நிற்கும் மரம், அறுப்புச் சோதனைக்கே அழைக்கப்படவில்லை. மட்டையடித் தும்பு விறைப்பானது, சொரசொரப்பானது. முறுக்கினால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டே அதற்குப் பிறகு வேறொரு சந்தையைத் தேடித் தந்தது. ஐரோப்பியர் அதில் தூரிகையும் துடைப்பமும் செய்தார்கள். அதைத் தனியாகவே ஒரு வாரம் பார்க்கலாம்.

இப்போது முதல் கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நார் இல்லாமல் அல்ல, கைப்பழக்கம் இல்லாமலும் அல்ல. 101 பாகம் கேட்க இங்கே ஒருவரும் இருக்கவில்லை. அவ்வளவு நீளக் கயிற்றை ஊர் கேட்பதில்லை, அரசு கேட்கும். போர்க்கப்பல் வைத்திருக்கும் அரசு கேட்கும். நம்முடைய அரசு 1619இல் பறங்கியரிடம் போய்விட்டது. அதன்பின் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் இங்கிருந்து யானையும் புகையிலையும் சாயவேரும் பனஞ்சலாகையும் கேட்டார்கள். கயிற்றுக்கு அவர்களுக்கு வேறு இடம் இருந்தது.

* * *

1808

தில்சிற் நடந்த மறு ஆண்டு. எல்லாரும் நாரைத் தேடி உலகம் சுற்றிக்கொண்டிருக்க, ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஒருவர் வேறு திசையில் யோசித்தார். அவர் பெயர் சாமுவேல் பிரௌன்.

நங்கூரத்துக்குக் கயிறே எதற்கு?

1808இல் பெனலோப் என்ற கப்பலுக்கு அவர் இரும்புச் சங்கிலி பூட்டி ஓட்டிக் காட்டினார். சங்கிலி அழுகாது. பவளப்பாறையில் உரசினால் தேயாது. 200 பேர் முறுக்கவும் வேண்டாம். சில ஆண்டுகளுக்குள் கடற்படை அதை ஏற்றது. பிரௌன் பிறகு இரும்புச் சங்கிலியைக் கொண்டே 1820இல் ட்வீட் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். அது இன்றும் நிற்கிறது.

1834இல் ஜெர்மனியின் கிளவுஸ்தால் சுரங்கத்தில் வில்ஹெல்ம் அல்பேர்ட் இரும்புக் கம்பியையே இழைபோல முறுக்கிக் கயிறாக்கினார். நார் வடம் ஆண்ட இடங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. போட்ஸ்மத், பிளிமத், வூலிச் கயிற்றாலைகள் அடங்கின. 1984இல் சாட்டத்தின் கப்பல் தளத்தையும் கடற்படை மூடிவிட்டது. கயிற்றாலை மட்டும் ஓடுகிறது. நார்க் கயிறும் செயற்கை நூற் கயிறும் திரித்து விற்கிறார்கள்.

ஆனால் நம் பக்கத்தில் கதை வேறு மாதிரிப் போனது. உலகம் நீராவிக்கும் இரும்புக்கும் மாறிய பிறகும், வடமராட்சிக் கரையில் மரக்கப்பல் கட்டிப் பாய் விரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் போனார்கள். சூயெஸ் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகஸ்ட் 1இல் மசாசூசெற்ஸின் குளொஸ்டர் துறையை அது அடைந்தது.

பாய்மரத்தைத் தாங்கிய கயிறு, பாயை இழுத்த கயிறு, நங்கூரம் தாழ்த்திய கயிறு என்று ஒரு பாய்க்கப்பலுக்கு வேண்டிய கயிறு கொஞ்சநஞ்சமல்ல. சாட்டம் போன்ற தளம் ஒன்று இல்லாத கரையில், ஆயிரம் அடிக் கூரை ஒன்று இல்லாத ஊரில், சமுத்திரம் தாண்டும் அந்த நீளங்களை யார் திரித்தார்கள்? எந்த மணலில் வைத்து நீட்டினார்கள்?

(அடுத்த வாரம்)